மோட்டார் கிடந்த டிரம்

ஜெலுத்தோங், பினாங்கு
17.7.2025

அன்பு மகன் இத்ரீஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் ஷஹீராவும் பிள்ளைகளும் அந்த மெல்பர்ன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதலாம், அது பாதிதான் உண்மை. போன் இருக்க இந்த அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வாட்ஸ்அப் வந்தால் முதலில் எடுத்துப் படிப்பது உன் அத்தா, நீ கூப்பிட்டால் பக்கத்தில் வந்து உட்காருவதும் அவர். அவர் காதில் விழாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அவருடைய போட் மோட்டார் கடலில் விழுந்த கதை உனக்குத் தெரியும். நீ பிறந்த வருஷம் பழசாக வாங்கியது, படகோடு அதைப் பிடித்திருந்த இரும்பு விரிசல் விட்டு, படகுத்துறைப் பக்கத்திலேயே கழன்று முங்கிவிட்டது. ஆட்கள் கொக்கி போட்டு எடுத்தார்கள். 'தூக்கிப் போடுங்க அத்தா, புதுசு நான் வாங்கித் தரேன்' என்று நீ சொன்னாய். 'புதுசு கெட்டா எவனையாச்சும் கூப்பிடணும், இத நானே கழட்டிப் பூட்டுவேன்லா' என்று அவர் சொன்னார். அப்பனும் மகனும் போனில் மல்லுக்கட்டினீர்கள், என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பழசும் வேண்டாம், புதுசும் வேண்டாம், கடலே வேண்டாம் என்றிருப்பேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது. நோன்புக்கு முன்னால் ஜெரெஜாக் தீவுப் பக்கம் தலைசுற்றி போட்டுக்குள்ளேயே விழுந்து கிடந்தவரை ஒரு மலாய்க்காரர் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். உனக்குச் சொல்லக் கூடாதென்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார், நானும் சொல்லவில்லை.

மோட்டார் கடை முதலாளி தவுக்கே அப்போது ஈப்போவில் ஒரு சாவு வீட்டில் இருந்தார். உப்புத் தண்ணீர் ஏறிய மோட்டாரை வெளியே வைத்தால் காற்றுப் பட்டு உள்ளே துரு பிடித்துவிடும், நான் வரும்வரை நல்ல தண்ணீரில் முக்கி வை என்று போனில் சொன்னார். அத்தா பின்கட்டில் நீல டிரம்மை நிரப்பி மோட்டாரை உள்ளே இறக்கி, காலையும் மாலையும் போய்ப் பார்த்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இப்படிப் பார்த்ததில்லை. மறுநாள் தாசேக் கெலுகோரில் உன் மாமி வீட்டுக் கந்தூரி விருந்துக்குப் போய் இரண்டு நாள் தங்கினார். நான் முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டேன். அவர் பஸ் ஏறியிருப்பார் என்று தெரிந்ததும் டிரம்மின் அடிக்குழாயைத் திறந்துவிட்டேன் இத்ரீஸ். தண்ணீர் முழுக்க வடியும்வரை நின்று பார்த்தேன். அப்புறம் குழாயைச் சரியாக மூடாதது மாதிரி விட்டுவைத்தேன். பயத்தில் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், ஆனால் கோபமும் இருந்தது.

தவுக்கே வந்து பிரித்துப் பார்த்து, உள்ளே எல்லாம் இறுகிவிட்டது, இனி பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார். அத்தா கத்துவார், யார் தொட்டது என்று கேட்பார் என்று காத்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'கொழாய மூடாம போயிருக்கேன் ஹாஜரா. மூடுன மாதிரிதான் ஞாபகம் இருக்கு. அப்ப என் ஞாபகத்த இனி நம்ப முடியாது' என்றார். அன்றிலிருந்து மனிதர் பாதியாகிவிட்டார். போட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். புதுசும் வேண்டாம் என்று உன்னிடம் சொன்னது இதனால்தான், உன் மேல் வருத்தம் எதுவும் இல்லை. மோட்டார் சைக்கிள் சாவியும் இப்போது என்னிடம்தான். அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறார். நேற்று மாலை நாலு ரக்அத் அசர் தொழ நின்றவர், 'பக்கத்துல உக்காந்து எண்ணு, மூணு தொழுதேனா நாலான்னு எனக்குச் சந்தேகம் வருது' என்றார். உட்கார்ந்து எண்ணினேன். முடித்ததும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நாலுதான் என்றேன். அப்புறம்தான் துஆவுக்குக் கை தூக்கினார்.

கடல் வேண்டாம் என்றுதான் நினைத்தேன், அவரை இப்படி வீட்டுக்குள் முடக்க நினைக்கவில்லை. ஞாபக சக்தியைச் சோதிக்க ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். சொல்ல வாயெடுத்து எத்தனையோ தடவை மூடிக்கொண்டேன். நாற்பத்தைந்து வருஷத்தில் இதற்கு முன் அவரிடம் நான் பொய் சொன்னதில்லை, அதனால்தான் அவருக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டால் நான் பின்வாங்க முடியாது. உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும், அதற்குள் சொல்லிவிடுவேன். சொன்னால் மறுபடி கடலுக்குக் கிளம்புவார், அந்தப் பயமும் எனக்குப் போகவில்லை. அப்போது அவர் புது மோட்டார் கேட்டால் ஒரு பேச்சுப் பேசாமல் வாங்கிக் கொடு.

பிள்ளைகளை வெறுங்காலோடு தரையில் நடக்க விடாதே. ஷஹீராவுக்கு என் சலாம். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் தெளிந்த புத்தியும் தரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இனி நீ கூப்பிடும்போது அத்தா என்னைத் திட்டும் சத்தம் கேட்டால், என் பக்கம் பேசாதே. திட்டட்டும், நீ கேட்டுக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் அம்மா
சித்தி ஹாஜரா