மேசையைத் தட்டிய கை

பிப்ரவரி 3
நம் ஊரை மாநகராட்சியோடு இணைக்கும் கோப்பு வந்துவிட்டதாம். நகர்மன்ற உறுப்பினர்கள் நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டால் அப்படியே இணைப்பு. ஒருவர் மறுத்தாலும் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். "யாரும் மறுக்க மாட்டாங்க" என்றார் தலைவர். யாரைப் பார்த்துச் சொன்னார்?

பிப்ரவரி 5
மழை. வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 9
தெருப் பெண்கள் வந்தார்கள். இணைந்துவிட்டால் நம் கிணறுகள் மாநகராட்சிக்குப் போய்விடும். இப்போது தண்ணீர் திறந்துவிடுபவர் தெருமுனையில் இருக்கிறார். வரவில்லையென்றால் போய்க் கதவைத் தட்டலாம். இனி யார் கதவைத் தட்டுவது? எதிர்வீட்டு அக்கா, "நீ ஒருத்தி முடியாதுன்னு சொன்னா போதும்டி. வாக்கெடுப்பு வந்தா நாங்க பாத்துக்கறோம்" என்றாள். சொல்கிறேன் என்றேன். ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் கேட்கிறார்கள், சொல்லாமல் என்ன?

வீட்டுக்காரர் சிரித்தார். "என்கிட்ட காட்டற வாயில பாதியை அங்க காட்டு, போதும்."

பிப்ரவரி 17
பேச வேண்டியதை எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டேன். நாலு வரிதான்.

பிப்ரவரி 18
எங்கள் மன்றத்தில் கை தூக்கும் வழக்கம் இல்லை. தலைவர் தீர்மானத்தை வாசிப்பார், நாங்கள் மேசையைத் தட்டுவோம், நிறைவேறிவிடும். நான் உள்ளே வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

தெருவிளக்கு. தட்டினோம். கொசு மருந்து. தட்டினோம். எங்கள் தெருச் சாக்கடை, நானே நடையாய் நடந்து கேட்டது. ஓங்கித் தட்டினேன். பிறகு அதே குரலில், அதே வேகத்தில், பத்தோடு பதினொன்றாக இணைப்பு.

தட்டினேன்.

நானா? கைதான். கைப்பையைத் திறக்கக்கூட இல்லை. பயந்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. ஒன்றுமே தோன்றவில்லை. உடனே எழுந்து, "தலைவரே, தப்பாத் தட்டிட்டேன்"னு சொல்லியிருக்கலாம். எல்லாரும் சிரிப்பாங்கன்னு உக்காந்துட்டேன் — அவ்வளவுதான், சிரிப்புக்குப் பயந்து ஊரையே தூக்கிக் குடுத்துட்டேன்.

டீ வந்தது. குடித்தேன்.

பிப்ரவரி 19
வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 30
மன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். மேசைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் மேசை எதுவென்று தெரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரி.

மே 11
தண்ணீர் திறந்துவிடுபவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். வால்வு சாவி இப்போது யாரிடமோ. மாநகராட்சிக்குப் போன் செய்தேன். "உங்க பகுதி நம்பர் சொல்லுங்கம்மா" என்றாள் ஒரு பெண். எனக்குத் தெரியாது. வைத்துவிட்டேன்.

மே 20
குழாயில் காற்று மட்டும் வருகிறது.

ஜூன் 2
தண்ணீர் லாரி வந்தது. வரிசையின் கடைசியில் போய் நின்றேன். இன்றைக்காவது யாராவது திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

எதிர்வீட்டு அக்கா வந்து என் குடங்களைப் பிடுங்கினாள். லாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு பேப்பர்ல கூசாம பொய் எழுதியிருக்கானுங்க! இவ ஒருத்தி நமக்காக எதுத்து நின்னது நமக்குத் தெரியாதா? வழி விடுங்கடி, இவ முதல்ல பிடிக்கட்டும்."

எல்லோரும் விலகி நின்றார்கள்.

இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வந்தேன்.