காலிப் படுக்கையோடு அப்பா பேசியது

தாராவி, மும்பை
மே 27

அன்பு மகள் மாலதிக்கு அம்மா அன்னத்தாய் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடு, கை கால் சேதமில்லாமல் வந்து சேர்ந்துவிட்டோம். ஆக்லாந்தில் நீயும் மருமகன் ராஹிலும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். உயிரோடு என்று ஏன் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, கடைசிவரை படி. திரும்பி வந்து நாலு நாளாகிறது, எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் அங்கே வீடு மாதிரியே கட்டிலும் அடுப்பும் உள்ள வண்டியில் ஏரி, மலை என்று சுற்றிவிட்டு வந்து, அம்மா அப்பாவும் ஒருதடவை அப்படிப் போகட்டும் என்று ஆசைப்பட்டாயே, அந்த வண்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உன் ஏற்பாடு என்று தெரிந்தால் அப்பா அதில் காலெடுத்து வைக்கமாட்டார் என்று, அம்பர்நாத்தில் உன் தம்பி முத்துசெல்வத்தின் கம்பெனி வாடகைக்கு எடுத்துப் பரிசாகக் கொடுத்தது என மூன்று பேரும் சேர்ந்து பொய் சொன்னோம். நீ ராஹிலைக் கோர்ட்டில் கட்டிக்கொண்டு போன இந்த ஒன்பது வருஷத்தில் உன் பெயரை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துபோகிற மனுஷன் ஆயிற்றே. வண்டி வந்து நின்றதும் ஏறிப் பார்த்தேன். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் இருந்தது, வாயைப் பிளந்துகொண்டே வந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கதவைத் திறந்தால் கக்கூஸ்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தைந்து வருஷம் பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்றவளுக்கு இது பெரிய வசதி என்று நீ நினைத்திருப்பாய். அதுக்காகச் சோறு பொங்குகிற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளியா? நான் அந்தக் கதவைச் சாத்தி அதன் முன்னால் அரிசிப் பையையும் வெங்காயக் கூடையையும் வைத்துவிட்டேன். பெட்ரோல் பங்க் எங்கே வந்தாலும் நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் வருவேன். அப்பா முதல் நாள் சிரித்தார், இரண்டாம் நாள் முணுமுணுத்தார், மூன்றாம் நாள் இவ்வளவு பெரிய வண்டியைக் கொடுத்தும் பங்க் பங்காக அலைகிறாளே என்று கத்தினார். அதிலிருந்து நான் அவரிடம் சொல்லாமலே இறங்கிப் போக ஆரம்பித்தேன். எல்லா வினையும் அதில்தான் வந்தது.

ஊரெல்லாம் அழகுதான், குறை சொல்லக்கூடாது. கணபதிபுலேயில் கடலைப் பார்த்துக்கொண்டே உளுந்தங்களி கிண்டினேன். மால்வணில் வழியெல்லாம் பலாப்பழ வாசனை. முப்பது வருஷம் தோல் பை லோடு ஏற்றி டெம்போ ஓட்டினவருக்கு லோடு இல்லாமல் வண்டி ஓட்டுவதே புதுசு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் மால்வணிலிருந்து ஆம்போலி மலைக்குப் போகிற வழியில் எனக்குத் தலைவலி. பின்னால் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தேன். சாவந்த்வாடி பக்கம் ஒரு பங்கில் டீசல் போட நிறுத்தினார். நான் சத்தமில்லாமல் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கிப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருக்கிறது!

மாலதி, அந்த நிமிஷத்தை என்னால் எழுதவே முடியவில்லை. போன் படுக்கையில், பை படுக்கையில், கையில் ஒரு தண்ணீர் பாட்டில். கூடவே இருந்து சலித்துப்போய் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போய்விட்டாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டேன். பங்கில் வேலை செய்கிற பெண் என்னை உட்காரவைத்து, அத்தை என்கிற மாதிரி காக்கூ என்று கூப்பிட்டு, உங்கள் ஆளின் நம்பர் சொல்லுங்கள் என்று மராட்டியில் கேட்டாள். எனக்குத் தெரியாது. அவர் பெயரை அமுக்கித்தானே பழக்கம். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது உன் நம்பர். அப்பா கண்ணில் படக்கூடாது என்று போனில் பதியாமல் ஒன்பது வருஷமாக நெஞ்சில் வைத்திருக்கிற நம்பர். அதைச் சொன்னேன். அவள் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் போகவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வண்டி வந்தது. அப்பா இறங்கின கோலத்தைப் பார்த்துத் திட்டலாம் என்று வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்துபோனது. செருப்பில்லை, உடம்பெல்லாம் வேர்வை, நாக்குக் குழறுகிறது. “ஏளா அன்னம், நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலியே, கோவத்துல இருக்கன்னுலா நெனச்சேன்” என்றார். என்ன கேட்டீர்கள் என்றேன். என்னை முன்சீட்டில் உட்காரவைத்து மலை ஏறும்போதுதான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் பின்னால் படுத்திருக்கிறேன் என்று நினைத்து அந்த மலைப்பாதை முழுக்க என்னோடு பேசிக்கொண்டே போயிருக்கிறார். “அந்தப் பய கம்பெனி தீவாளிக்கே அரைக்கிலோ சோன்பப்டிதான் தரும், அது இம்புட்டுப் பெரிய வண்டி குடுக்குமாளா? இது நம்ம பிள்ள பாத்த வேல. மொத நாளே தெரிஞ்சுதான் ஏறுனேன். எம் பிள்ள குடுத்த வண்டிய நான் ஓட்டாம வேற எவன் ஓட்டுவான்? அவளுக்கு ஒரு போனப் போடுவமா, என்ன சொல்லுத?” இப்படிக் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. நான் அழுகிறேன் என்று நினைத்து, அழாதே என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் மறுபடி கேட்டிருக்கிறார். மூன்றாவது தடவையும் சத்தம் இல்லை என்றதும் வளைவில் நிறுத்தித் திரையை விலக்கினால் தலையணையும் என் போனும் மட்டும் கிடந்திருக்கிறது.

என்னைப் பங்கில் விட்டுவிட்டுப் போனதைவிட இதுதான் எனக்குப் பேரதிர்ச்சி. நாம் மூன்று பேரும் அவரை ஏமாற்றுகிறோம் என்று இருந்தோம், அவர் எல்லாம் தெரிந்து ஏறியிருக்கிறார். ஒன்பது வருஷம் காத்திருந்த கேள்வியை அவர் கேட்ட நேரத்தில் நான் அங்கே இல்லாமல் போனேனே, என்னைத்தான் பாவி என்று சொல்ல வேண்டும். போடுங்கள், இப்போதே போடுங்கள் என்றேன். மலையில் டவர் இல்லை என்றார். தாராவியில் டவருக்கா பஞ்சம்? நாலு நாளாகப் போனைக் கையில் எடுக்கிறார், வைக்கிறார். காலையில் அவள் வேலையில் இருப்பாள் என்கிறார், சாயங்காலம் அங்கே இப்போது தூங்கியிருப்பாள் என்கிறார். உன் ஊர் மணிக்கணக்கு அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நீயாகப் போன் பண்ணி அவசரப்படுத்தாதே. அவர் கூப்பிட்டால் பழசை எடுக்காதே, சாப்பிட்டீர்களா அப்பா என்று கேள், அது போதும். ராஹில் எடுத்தால் மாமா என்றே கூப்பிடச் சொல். குளிர் காலம் வருகிறது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, இரவில் தயிர் வேண்டாம். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நிறைந்து வாழ வேண்டும், பெற்ற வயிறு அதைத்தான் கேட்கிறது.

ஒன்று மறந்துவிடாதே. இந்தக் கடிதம் வந்த உறையைக் கிழித்துப் போட்டிருந்தால் குப்பையிலிருந்தாவது தேடி எடு. யாருக்கு எழுதுகிறாய் என்று அப்பா கேட்டார், மாலதிக்கு என்றேன். எழுந்து போகவில்லை. உறையையும் பேனாவையும் வாங்கி, இங்கிலீஷில் முகவரியை அவரே ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மாலதி என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார், திரும்பத் திறந்தார். அப்புறம் பக்கத்தில் ராஹில் என்றும் எழுதினார்.

இப்படிக்கு
உன் அம்மா
அன்னத்தாய் பிரம்மநாயகம்