சார் இல்லாத செவ்வாய்க்கிழமை

ஜூலை 14, திங்கள்

மலைப்பக்கம் சாரல். வெள்ளைக் கோட்டு காயவே இல்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனேன்.

கிளினிக்கில் அதே கூத்து. பிரவீன் சாருக்கு இருபத்தேழு வயது, எனக்கு நாற்பத்து மூன்று. அவர் பிசியோதெரபிஸ்ட், நான் கடைசி வருடப் பயிற்சி மாணவி. ராசிங்காபுரத்துப் பெரியவர் முழங்காலை என்னிடம் நீட்டிவிட்டு சாரைப் பார்த்து, "தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டு" என்கிறார். சார் சிரித்துக்கொண்டே கூட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நரைத்த தலையை நம்பி உடம்பைக் கொடுக்கிறார்கள்.

கிளம்பும்போது சார்: "அக்கா, நாளைக்கு திண்டுக்கல்ல ஒரு கல்யாணம். புதுக் கேஸ் வந்தா நீங்களே பாருங்க. சந்தேகம்னா போன் போடுங்க."

தலையாட்டினேன்.

வாங்க: தயிர், மாமாவின் பி.பி. மாத்திரை, குடைக்கம்பி சரிசெய்ய.

ஜூலை 15, செவ்வாய்

மத்தியானம் பாலம்மா. மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர். என் வயதுதான். கூட கணவர், நாத்தனார். பழைய இடுப்பு வலி, இப்போது இரண்டு காலுக்கும் இறங்கியிருக்கிறது.

"போன வருசம் மாதிரி பெல்ட்டு போட்டு இழுத்து விடுங்க டாக்டரம்மா. வெரசா முடிஞ்சா ஜீப்பு பிடிச்சிருவோம்."

படுக்கவைத்து பெல்ட்டும் மாட்டிவிட்டேன். பேச்சுக்காகக் கேட்டேன், இந்த இடுப்போடு ஜீப்பில் எப்படி வந்தீர்கள் என்று.

"இன்னைக்கு ஒண்ணுமே தெரியலம்மா. மெத்தையில உக்காந்த கணக்கா வந்தேன்."

நாத்தனார்: "போடிமெட்டு ரோட்டுல மெத்தையாம். மகாராணி வர்றாக, வழி விடுங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும். என் விரல் பெல்ட்டை இழுக்கும் மெஷினின் சுவிட்சில். அப்புறம்தான் உறைத்தது. அந்த மலை ரோட்டுக் குலுக்கலில் உட்கார்ந்த சீட்டு எப்படித் தெரியாமல் போகும்?

கணவரை வெளியே அனுப்பித் திரையை இழுத்தேன். உட்காரும் இடத்தில் பஞ்சை வைத்தேன். தெரியவில்லை என்றார். ஒண்ணுக்குப் போனீர்களா? முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"காலையிலயிருந்து வரல. நேத்து வந்ததும் தெரியல, சேலை நனைஞ்சப்பதான் தெரிஞ்சுச்சு. அந்தத் தம்பிகிட்ட இதை எப்படிச் சொல்ல."

நடுமுதுகுக்குக் கீழே நரம்புக்கொத்து நசுங்குகிறது. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பவே திரும்பாது. புத்தகத்தில் படித்தது. கண்ணால் பார்த்ததில்லை.

சாருக்குப் போன். எடுக்கவில்லை. மறுபடியும். கல்யாண மேளத்தில் கேட்டிருக்காது.

நான் நினைப்பது தப்பாக இருந்தால்? சரியாக இருந்து, வாயை மூடிக்கொண்டால்?

பெல்ட்டைக் கழற்றினேன். இழுக்கக் கூடாது, இப்போதே தேனி பெரியாஸ்பத்திரி என்றேன்.

கணவர்: "தம்பி வரட்டுமே. அவர ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்."

"அவர்தான் டாக்டர். நான் இங்கே படிக்கிற ஆள்."

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிக்கிற ஆளா? இந்த வயசுலயா?"

"ஆமா. ஆனா இன்னைக்கே போகணும். நாளைக்குன்னா இவங்க காலத்துக்கும் நனைஞ்ச சேலையோடதான்."

பாலம்மாதான் எழுந்து செருப்பைத் தேடினார். 108-ஐ நானே கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்கு எழுதிய சீட்டில் என் பெயர், கீழே 'பயிற்சி மாணவி'. கையெழுத்து கோணல்.

ஜூலை 16, புதன்

தகவல் இல்லை. சார்: "சரியாத்தான் செஞ்சிருக்கீங்க போலக்கா." அந்தப் 'போல' நாள் முழுக்கக் கூடவே. குழம்பில் இரண்டு தடவை உப்பு.

ஜூலை 17, வியாழன்

கணவர் போன். போன அன்றே மதுரைக்கு அனுப்பி ஆப்பரேஷன். சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கிறது. உணர்வு திரும்புமா, சொல்ல முடியாதாம்.

புதிதாக யார் வந்தாலும் சாரிடமே தள்ளிவிடுகிறேன். கவனித்துவிட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

வெயில். மறுபடியும் பாலம்மா கணவர் போன்.

"டியூப்ப எடுத்துட்டாக. இன்னைக்குக் காலையில... தானாவே போச்சாம். தெரிஞ்சுதான் போனாளாம். ஒங்ககிட்ட மட்டும் சொல்லச் சொன்னா."

பக்கத்தில் சார்: "என்னக்கா, யாரு?"

"பாலம்மா. நல்லாருக்காங்க." அதற்கு மேல் சொல்லவில்லை.

வாசலில் புதுக் கேஸ். சார் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் எழுந்தேன்.