வளர்பிறைப் புதன்கள்

2025 ஏப்ரல் 9, புதன்

இன்று மூன்றாவது முறையாக இவர் என் முடி நுனியை வெட்டினார். ஹாலில் பழைய பேப்பரை விரித்து, ஜன்னலைப் பார்க்க முக்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்து, தன் மீசைக் கத்தரியால். வளர்பிறையில் நுனி வெட்டினால் முடி தளதளவென்று வளரும் என்பது இவர் குடும்பத்து நம்பிக்கை. செவ்வாய், வெள்ளி ஆகாது. ஞாயிறும் ஆகாதாம். விளக்கு வைத்த பிறகு கத்தரியையே எடுக்கக் கூடாது. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டி இவர் கண்டுபிடித்தது புதன்கிழமைக் காலை. அதற்காக மாதத்தில் ஒரு நாள் வழக்கமான லோக்கல் ரயிலை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஆபீஸ் போகிறார். எங்கள் பொண்ணு ஸ்ரீலேகா பிறந்த அன்றுகூட அந்த வண்டியை விடாத மனிதர் வேங்கடசுப்ரமணியன்!

போன வருஷம் சிக்குன்குன்யா வந்து மூட்டு வலி போனது, முடியும் கூடவே போனது. கொத்துக் கொத்தாக. பொண்ணு கோபர்கைரனேக்கு அழைத்துப் போய், தன் வீட்டுக்குக் கீழே இருக்கும் பார்லரில் காதோடு வெட்டிவிட்டாள். அங்கிருந்து கழுத்து வரைக்கும் வந்தாயிற்று. வருகிற தை ரேவதியில் இவருக்கு சஷ்டியப்தபூர்த்தி. மறுபடி தாலி கட்டும்போது எனக்கு ஒரு பின்னல் இருக்க வேண்டும், அதில் பூ இருக்க வேண்டும். வேறு ஆசை கிடையாது. புடவை ஆசை தனிக் கணக்கு.

மே 7, புதன்

வெட்டினார். நுனி ப்ளவுஸ் கழுத்து விளிம்பைத் தொடுகிறது. போன மாதமும் அங்கேயேதான் தொட்டது.

மே 19, திங்கள்

வீடு முழுக்க வைத்தியக் கடை வாசனை. கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய், ஊற வைத்த வெந்தயம், எதிர்வீட்டு மராத்தி மாமி கொடுத்த செம்பருத்தி இலை. போதாததற்கு ஸ்ரீலேகா ரோஸ்மேரித் தண்ணீர் என்று ஒரு புட்டி வாங்கி அனுப்பியிருக்கிறாள். செடிக்கு மருந்து அடிக்கிற மாதிரி தினமும் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

சான்பாடாவிலிருந்து ரஞ்சனா போன் பண்ணினாள். இவர் தங்கை. எதற்கு இத்தனை பாடு, பேசாமல் ஒரு சவுரி வைத்துப் பின்னிக்கொள் என்கிறாள். சொந்தக் கல்யாணத்துக்கு இரவல் முடியா? மாட்டேன் என்றேன். அறுபதாம் கல்யாணத்துக்கு இவ்வளவு ரோஷமா மன்னி என்று சிரிக்கிறாள். ஆமாம், இருக்கிறது. முதல் கல்யாணத்தில் யார் என்னைக் கேட்டார்கள்?

ஜூன் 4, புதன்

இவர் வெட்டுகிற அழகே அழகு. இடது பக்கம் கொஞ்சம் வெட்டுவார். எட்ட நின்று பார்ப்பார். வலது பக்கம் நீளமாகத் தெரியும், அதைக் கொஞ்சம். பிறகு இடது. பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கு தோற்றது. மீசைக் கத்தரி என்பதால் வேலை சீக்கிரம் முடியவும் முடியாது.

ஆனால் ஒன்று. வெட்டும்போது இவர் பேசுகிறார். என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறபோது சாம்பாரில் உப்பு, சொசைட்டி மீட்டிங், கேஸ் புக் பண்ணியாச்சா, அவ்வளவுதான் வரும். பின்னால் நின்றால் வேறு ஆள். இன்று, சின்ன வயசில் தனக்குப் பாட்டு கற்றுக்கொள்ள ஆசையாக இருந்ததாகவும், கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டதாகவும் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கப் போனேன். தலையை ஆட்டாதே என்று அதட்டிவிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

மாட்டுங்கா மார்க்கெட்டில் கோமதியம்மாளிடம் பூ வாங்கினேன். தாராவியிலிருந்து விடியற்காலையிலேயே கூடையோடு வந்துவிடுகிறவள். தைக்கு என் ஜடைக்கு அவள்தான் பூ தைத்துத் தரப் போகிறாள் என்று மாசியிலேயே சொல்லி வைத்திருந்தேன். என் கழுத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, போன தடவ பாத்த மாதிரியே இருக்கு. கிள்ளுன செடி மாதிரி அப்படியேல்லா நிக்கி."

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன். முழம் போடும்போது ஒரு கை கூடுதலாகவே விட்டாள். பரிதாபப்பட்டிருப்பாள். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. பூ நன்றாக இருந்தது.

ஜூலை 2, புதன்

வெளியே கொட்டுகிற மழை. வெட்டிக்கொண்டே, சாதாரணமாக, நேற்று வாங்கிய காய்கறியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்: "உனக்கு ஜுரம் வந்தப்போ, நீ எழுந்துக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம்ல தண்ணி போற ஜாலியிலேர்ந்து முடியெல்லாம் எடுத்துப் போட்டுடுவேன். நீ பார்த்தா பயப்படுவியோன்னு. எனக்குத்தான் பயமா இருந்தது."

நான் ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஜுர நாட்களில் நான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன? பாவம், என் தலையில் என்ன நடக்கிறது என்றுகூட இந்த மனிதருக்குத் தெரியவில்லையே என்று. எவ்வளவு தப்பு.

அடுத்த வண்டியையும் விட்டுவிட்டார். மழையால் லேட் என்று ஆபீஸில் சொல்லிக்கொள்வாராம்.

ஆகஸ்ட் 6, புதன்

வெட்டினார். அதே விளிம்பு. அதே இடம்!

என்னதான் ஆச்சு இந்த முடிக்கு? எண்ணெய் வெச்சாச்சு, தண்ணி அடிச்சாச்சு, கீரையாத் தின்னாச்சு. இனிமே நான் என்ன பண்ணணும், தலைகீழா நிக்கணுமா? வயசாயிடுத்துன்னு நேரா சொல்லித் தொலைக்கலாமே. ஸ்ரீலேகா மாசா மாசம் போட்டோ எடுக்கச் சொல்கிறாள். எடுத்ததை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே போட்டோ மாதிரி இருக்கிறது. புடவை மட்டும்தான் வேறே.

சாயங்காலம் கோபம் தணிந்தது. வாழைக்காய் பஜ்ஜி போட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

இவர் ஆபீஸ் வேலையாக நாக்பூர் போயிருக்கிறார், இரண்டு வாரம். பேப்பரும் விரிக்கவில்லை, கத்தரியும் எடுக்கவில்லை. காலையில் முக்காலியைப் பார்த்தபோது என்னவோ போல் இருந்தது. போனில் பேசினோம். சாப்பாட்டில் காரம் அதிகம் என்றார். சரி என்றேன். வைத்துவிட்டோம்.

அக்டோபர் 1, புதன். சரஸ்வதி பூஜை

புஸ்தகங்கள், என் தையல் மெஷினின் பாபின், இவருடைய கால்குலேட்டர், எல்லாவற்றோடும் மீசைக் கத்தரியையும் கொண்டுவந்து பூஜையில் வைத்துவிட்டார். அதுவும் ஆயுதம்தானே என்றார். சந்தனம், குங்குமம் எல்லாம் இட்டுக்கொண்டு அது கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு அதைத் தொடக் கூடாது. ஆக, இந்தப் புதனும் வெட்டு இல்லை.

நமஸ்காரம் பண்ணிவிட்டு எழுந்தேன். எழுந்திருக்கும்போது முடி நுனி முதுகில் குத்தியது. கையை விட்டுப் பார்த்தேன். ப்ளவுஸ் விளிம்பைத் தாண்டி வந்திருந்தது. நன்றாகவே தாண்டி.

விளக்குக்கு முன்னால் நின்று அந்தக் கத்தரியைப் பார்த்தேன். வளராமல் இல்லை. மாதா மாதம் வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வளர்ந்ததை வளர்ந்ததை இவர் ஒழுங்கு பண்ணிப் பேப்பரில் போட்டிருக்கிறார். நானும் அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, வெந்தயத்தை ஊற வைத்திருக்கிறேன். இரண்டு பட்டதாரிகள்! சரஸ்வதி சிரித்திருப்பாள். நானும் சிரித்தேன். சுண்டல் வாயோடு வந்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

இன்றைக்கு எந்த வேலையை ஆரம்பித்தாலும் விருத்தி என்று குங்குமக் கத்தரியோடு வந்து நின்றார். விருத்தியா! சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்த மாதம் வெட்டு வேண்டாம், எண்ணெய் மட்டும் வைத்து விடுங்கோ என்றேன்.

சரி என்றார். எண்ணெய் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தேங்காய்க்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி தடவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். இத்தனைக்கும் இன்று லீவு.

நான் முக்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

கங்கா ஸ்நானம் ஆச்சா. ஆச்சு. லேகியம் சாப்பிட்டாயா. சாப்பிட்டேன். நாள் முழுக்க இவ்வளவுதான் பேச்சு. சண்டை ஒன்றும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். ஆனால் எனக்கு அந்த இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது.

பின்னலா, பேச்சா? இந்த வயசில் இப்படி ஒரு கேள்வி.

அக்டோபர் 29, புதன்

காலையில் நானே பேப்பரை விரித்தேன். நானே கத்தரியை எடுத்து இவர் கையில் கொடுத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வெட்டணுமா என்றார். வளர்பிறையாச்சே என்றேன்.

கத்தரிச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் பேச்சும் வந்துவிட்டது. ஜனவரியோடு ஆபீஸ் முடிகிறது. "பிப்ரவரியிலேர்ந்து காலம்பற எழுந்து நான் எங்கே போவேன், சொல்லு" என்றார். அழுகிற குரல் இல்லை, ஆனால் பக்கத்தில்தான் இருந்தது. எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இருங்கோ என்றேன். நீ துரத்துவியே என்றார். பால் வாங்கத் துரத்துவேன் என்றேன்.

பின்னல் போனால் போகட்டும். இதை எழுதும்போது மனசு லேசாக இருக்கிறது, பொய் இல்லை.

டிசம்பர் 3, புதன்

வெட்டினார். பேப்பரைச் சுருட்டப் போனால் அதில் ஏதும் காணோம். மீசை வெட்டினால் விழுகிற அளவுகூட இல்லை. இவருக்குக் கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் போல.

டிசம்பர் 14, ஞாயிறு

ரஞ்சனா வந்தாள், பையில் சவுரியோடு. நல்ல சவுரிதான், மினுமினுவென்று. என் தலையில் வைத்துப் பார்த்து, குதிரை வாங்கின மாதிரி இருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள். இருவரும் சிரித்துச் சிரித்துக் காபி ஆறிவிட்டது. போகும்போது என் நுனியை இழுத்துப் பார்த்து, வளர்ந்துதானே இருக்கு மன்னி என்றாள். பார்த்தேன், ஆமாம். விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் இருக்கிறது. பொண்ணின் ரோஸ்மேரிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

2026 ஜனவரி 26, திங்கள்

நேற்று கல்யாணம் நடந்தது. உடம்பெல்லாம் வலி, இன்றுதான் எழுத முடிகிறது.

முடியை இழுத்துக் கட்டினதில் ரப்பர் பேண்டுக்குக் கீழே எலிவால் அளவு நின்றது. கோமதியம்மாள் அதற்குத் தக்கபடி சின்னதாக ஒரு பூ வேணி கட்டி, தானே வந்து குத்திவிட்டாள். "ஆளுக்குத் தக்க பூவும்மா, போதும்" என்றாள். போதும்தான்.

முதல் கல்யாணத்தில் பின்னலும் ஜடைப்பூவும் குறுக்கே நின்று, இவர் ஒரு முடிச்சுப் போடவே திண்டாடிப் போனார். மற்ற இரண்டையும் ரஞ்சனாதான் போட்டாள், நாத்தனார் உரிமை. நேற்று கழுத்தில் தடையே இல்லை. அவள் கையை நீட்டுவதற்குள் மூன்று முடிச்சையும் இவரே போட்டுவிட்டார். சாஸ்திரிகளே சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 25, புதன்

இவர் ரிட்டயர் ஆன பிறகு முதல் வளர்பிறைப் புதன். பிடிக்க வண்டி இல்லை, அதனால் நிதானமாகப் பேப்பர் விரித்தார். ஜன்னல் பக்கம் வெயில் என்று முக்காலியை டிவி பக்கம் திருப்பிப் போட்டார். ஸ்ரீலேகாவும் மாப்பிள்ளையும் அறுபதுக்கு வாங்கிக் கொடுத்த பெரிய டிவி. அணைத்திருந்தது. கறுப்புக் கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம்.

பாட்டு கிளாஸில் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்களாம், விசாரித்தேன் என்று பேச ஆரம்பித்தார். கத்தரி கிளிக் கிளிக் என்கிறது. டிவியில் பார்க்கிறேன். கத்தரி என் முடியிலேயே இல்லை. ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

"ஏன்னா, காத்தையா வெட்டறேள்?"

சத்தம் நின்றது. எத்தனை மாதமாக என்று கேட்டேன். நாக்பூரிலிருந்து வந்த அன்றே என் முதுகைப் பார்த்துப் புரிந்துகொண்டாராம், முடி நின்றதற்குத் தானே காரணம் என்று. விஜயதசமி அன்றே சும்மா சத்தம் மட்டும் போடலாம் என்றுதான் கத்தரியோடு வந்தாராம்; நான் எண்ணெய் மட்டும் போதும் என்றதும், எனக்கும் தெரிந்துவிட்டது, இனி உட்கார மாட்டேன் என்று பயந்து வாய் அடைத்துப் போயிற்றாம். அப்புறம் நானே கத்தரியைக் கொண்டுவந்து நீட்டினேனே, அன்றிலிருந்து சத்தம் மட்டும்.

தெரிந்துகொண்டுதான் நீட்டினேன் என்று நானும் சொன்னேன். இருவருமே கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தோம், அதில் ஒன்றும் ஓடாமலே.

அப்படியானால் இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். கத்தரியைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "கத்தரி இல்லேன்னா, உன் பின்னாடி வந்து நிக்கறதுக்கு நான் என்ன காரணம் சொல்லுவேன்?"

மார்ச் 25, புதன்

மீசைக் கத்தரி மீசைக்கே போய்விட்டது. பேப்பரும் விரிப்பதில்லை. இவர் பின்னக் கற்றுக்கொண்டிருக்கிறார். மூன்று காலாகப் பிரித்து இரண்டு திருப்பு பின்னினால் முடி தீர்ந்துவிடுகிறது. கையை எடுத்ததும் அவிழ்ந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார், பேசிக்கொண்டே. இன்று காபி இரண்டு தடவை ஆறிப்போயிற்று.