வெர்லின் எந்தப் பக்கம்?

கோர்மன் ஏரி, மின்னசோட்டா
மார்ச் 3, 1996

அன்புள்ள தம்பி வெர்லினுக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே பனி உருகுகிற வழியாகக் காணோம். இன்னும் ஏரி மேல் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ட்ரவுட் மீன் பிடிக்க உயிருள்ள குஞ்சுமீனைத் தூண்டிலில் கோர்க்கக் கூடாது என்று மாநில மீன்வள வாரியத்தில் தடை போடப் போகிறார்களாம். குஞ்சுமீன் விற்பதுதான் என் கடையே. தடை வந்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான். பதினான்காம் தேதி உங்கள் டுலூத்தில் மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். நான் பேசினால் 'கடைக்காரி பிழைப்புக்காகக் கத்துகிறாள்' என்பார்கள். நீ சும்மா பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவன், உன் பேச்சு எடுபடும். பேசுகிறவர்கள் முதலில் ஒரு அட்டை எழுதித் தர வேண்டும்: தடைக்கு ஆதரவு என்றால் பச்சை, எதிர்ப்பு என்றால் மஞ்சள். மஞ்சளை எடு. மூன்று நிமிடம்தான் தருவார்கள். போன தடவை மாதிரி மழையைப் பற்றியே பேசித் தீர்த்துவிடாதே.

உன் அக்கா
மார்லிஸ்

டுலூத்
மார்ச் 15, 1996

அன்பான அக்காவுக்கு,

நேற்று என்ன செய்தேன் என்று எனக்கே புரியவில்லை. மஞ்சள் அட்டைதான் எடுத்தேன், சத்தியமாக. 'எதிர்ப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மைக் முன்னால் போய் நின்றதும் மேசைக்குப் பின்னால் இருந்த வாரியத்து அம்மாள், "நீங்க எதை வெச்சுப் பிடிக்கிறீங்க?" என்றார்.

"எங்க அக்கா கடைக் குஞ்சுமீன்தான்" என்றேன், பெருமையாக.

"அளவு பத்தாத மீனைத் திருப்பி விடுறீங்களே, அது பிழைக்குதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை அக்கா. "போன கோடையில ஒரே நாள்ல ஒன்பது விட்டேன். குஞ்சுமீனோட சேர்த்துத் தூண்டில் முள்ளை வயித்து வரைக்கும் முழுங்கியிருந்துச்சு. அஞ்சு மல்லாந்து மிதந்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.

"அட்டையில எதிர்ப்புன்னு இருக்கு, பேச்சு ஆதரவா இருக்கே. நீங்க எந்தப் பக்கம் சார்?"

"எங்க அக்கா பக்கம்" என்றேன். கூடமே சிரித்தது. "யோவ், அப்போ அக்காவையே அனுப்பியிருக்கலாமேய்யா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

அந்த மீன்களை நினைத்தால் நான் சொன்னது சரி என்று படுகிறது. உன்னை நினைத்தால் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. எழுத்தில் கருத்து அனுப்ப மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. என்ன எழுதட்டும்? நீ சொல்வதை அப்படியே எழுதிப் போடுகிறேன்.

குழப்பத்துடன்
வெர்லின்

கோர்மன் ஏரி
ஏப்ரல் 9, 1996

வெர்லின்,

உனக்கு நான்கு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். மாதமும் முடிந்துவிட்டது.

நேற்று தடை வந்துவிட்டது. வாரியத்தில் ஒரே ஓட்டு வித்தியாசம். உன் அட்டையைக் கணக்கில் எடுத்தார்களா, பேச்சை எடுத்தார்களா, யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. உன் மேல் கோபமா என்று கேட்காதே, எனக்கும் தெரியவில்லை. நீ பொய் சொல்லவில்லை. சொல்லச் சொல்லியிருந்தால் அது என் தப்பு.

ஆனால் அந்த ஐந்தும் செத்த அன்றைக்குச் சாயங்காலம் என் கடையில்தான் உட்கார்ந்து காபி குடித்தாய். "மீன் எப்படிடா?" என்று கேட்டேன். "ஜோர், அக்கா" என்றாய். அடுத்த நாளைக்கும் ஒரு வாளி குஞ்சுமீன் வாங்கிக்கொண்டு போனாய். முப்பது வருஷமாக உனக்கு இரை விற்கிற என்னிடம் சொல்லாததை முகம் தெரியாத ஒரு அம்மாளிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லியிருந்தால் வேறு இரை விற்க நானே வழி பார்த்திருப்பேனே.

மே மாதம் வழக்கம்போல வருவாய், தெரியும். வா. தூண்டிலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வா.

மார்லிஸ்