டிஸ்மிஸ் என்றதும் பெட்டியோடு பஸ் ஏறியவளுக்கு

என் செல்ல மைமூன்,

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. நேற்று பஸ்ஸில் திருமயம் வழியாக வந்தேன். நாம் சேர்ந்து வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் முன்பக்கம் புது வகுப்பறைகள் கட்டுகிறார்கள். நாம் குடியிருந்த அறை அப்படியே இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா?

அப்போது நீ வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மணமேல்குடியில் உங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் வெளியூருக்கு டீச்சராக வந்தது அதுதான் முதல் தடவை. உன் தாய்மாமன், அந்த மாமுவுக்கு, அதில் துளியும் இஷ்டமில்லை. மலேயாவிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். உன்னைப் பெற்ற அத்தாதான் பிடிவாதமாக அனுப்பிவைத்தார்.

அன்று உன் வகுப்புக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கழித்தல் கணக்கு நடத்தினாய். பிள்ளைகள் பயப்படாமல் பதில் சொன்னார்கள். பள்ளி விடுகிற நேரம் ஆகியிருந்தது. அவர் எழுந்து, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை இங்கிலீஷில் "டிஸ்மிஸ் தி கிளாஸ்" என்றார். உன் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும்தான். தமிழிலேயே படித்து ட்ரெய்னிங் முடித்த உனக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். உன் பெரியத்தாவை உப்பு ஆபீஸ் வேலையிலிருந்து நீக்கியபோது ஊரே சொன்ன வார்த்தை அது.

நான் அறைக்கு வந்தபோது உன் டிரங்குப் பெட்டி இல்லை. "வேலை போயிருச்சுன்னு அழுதுக்கிட்டே பஸ் ஏறிருச்சு" என்றார் வீட்டுக்காரம்மா. ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஓடினேன். அவர் திகைத்துப்போனார். "இன்ஸ்பெக்டர் அவளத்தானே பாராட்டிட்டுப் போறாரு?"

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பி உங்கள் வீட்டுக்கு வந்தேன். மாமு கல்யாணத் தேதி பேசிக்கொண்டிருந்தார். நடந்ததை நான் விளக்கிச் சொன்னேன். முதலில் பேசியது மாமுதான்.

"ஒரு இங்கிலீசு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவ, புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் பதில் சொல்வதற்குள் உன் அத்தா முந்திக்கொண்டார். "இப்பத் தெரிஞ்சுக்கிட்டால்ல, மச்சான். ஒங்களுக்கும் எனக்கும் அது இன்னைக்குத்தானே தெரியும்." பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "ஒனக்கு அங்கிட்டுத் திரும்பிப் போக இஷ்டமாம்மா?" என்று கேட்டார்.

நீ கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாய். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மாமுவுக்கு முன்னால் நீ பேசி நான் பார்த்ததில்லை.

"போறேன் அத்தா. திங்கக்கெழம எனக்கு கிளாஸ் இருக்கு."

பஸ் அறந்தாங்கி தாண்டியது. திடீரென்று என் பக்கம் திரும்பி, "அக்கா, அவரு என்னையப் பாராட்டுனாருன்னீங்களே, என்னன்னு சொன்னாராம்?" என்று கேட்டாய். திருமயம் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாய். அப்போது நீ சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு உன் முகத்தில் எத்தனை தடவை பார்த்தேன்?

இப்போது ஒரு சேதி. உன் மகள் ரஹிமா எட்டாவது பாஸ் செய்துவிட்டாள். புதுக்கோட்டை ஹைஸ்கூலில் சேர ஆசைப்படுகிறாள். உன் வீட்டுக்காரர்தான், பொம்பளைப் பிள்ளையை அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தயங்குகிறாராம். நீ இருந்தால் அவரிடம் எப்படிப் பேசியிருப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பேச நான் மணமேல்குடிக்குப் போகிறேன். புதுக்கோட்டையில் என் வீட்டில் ஜன்னலோரமாக அவளுக்கு மேஜை போட்டாகிவிட்டது. அவள் போதும் என்று சொல்லும்வரை படிப்பாள், மைமூன். அது என் பொறுப்பு.

உன் அக்கா,
வள்ளியம்மை