ஆரோக்கியம்மாளின் மஞ்சப் பை

சிதம்பரம்
14.6.2009

பாப்பா மாலதிக்கு அப்பா ஆசையோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும். இந்தச் சேதியைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் சிரிப்பு வந்து பாதியில் நின்றுபோகிறது, அதனால்தான் கடிதம்.

அம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி வார்டில் குமராட்சிக்காரர் ஒருவர், கலியமூர்த்தி என்று பேர், நீர் அடைப்புக்கு ஆபரேஷன் ஆனவர். குழாய் வைத்து, மூத்திரம் ஒரு பிளாஸ்டிக் பையில் இறங்குகிறது. மனுஷன் ஐந்து நாளாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. டாக்டர் கத்தியாயிற்று, மருமகள் அழுதாயிற்று, நெஞ்சில் சளி வேறு கட்ட ஆரம்பித்துவிட்டது, இப்படியே கிடந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார்கள். வலிக்குப் பயப்படுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உன் அம்மா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டிருக்கிறாள். "மூத்திரத்தக் கையில தூக்கிட்டு பொம்பளைங்க முன்னாடி எப்புடிம்மா நடக்குறது, அதுக்குச் செத்தே போறேன்" என்றாராம்.

அன்று வீட்டுக்கு வந்தவள் நேரே தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். உன் பழைய பூப்போட்ட பாவாடையில் ஒரு தோள் பை தைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையை வைத்து, என் தோளில் மாட்டி நடக்கவிட்டாள். உடனே அவளே தலையில் அடித்துக்கொண்டாள், பை இடுப்புக்கு மேலே போனால் மூத்திரம் திரும்ப உள்ளே ஏறுமாம். அடுத்தது தொடையில் கட்டுகிற பை. அதைப் பார்த்துவிட்டு கலியமூர்த்தி, "மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி இருக்குது" என்றிருக்கிறார். ஹெட் நர்ஸ் மங்கலம், "இது வார்டா டைலர் கடையா, இன்னொரு தபா பாத்தேன் மெமோதான்" என்று கத்தியிருக்கிறார். அன்று அம்மா அழுதுகொண்டேதான் வந்தாள் பாப்பா, ஆனாலும் விடவில்லை. மறுநாள் கலியமூர்த்தியிடமே போய், "சந்தைக்குப் போனா கையில என்னா எடுத்துட்டுப் போவீங்க" என்று கேட்டாளாம். "மஞ்சப் பைதான், வேற என்னா" என்றாராம்.

அவ்வளவுதான்! உன் சிநேகிதி இளமதி கல்யாணத்தில் கொடுத்த மஞ்சப் பையில் குழாய் நுழைய ஓர் ஓட்டை, உள்ளே தொங்கவிட இரண்டு கொக்கி, அடியில் அட்டை. கையைத் தொங்கப் போட்டால் பை முழங்காலுக்கு இறங்கும், தரையில் இடிக்காது. சோதித்துப் பார்க்க என்னை மேல வீதி வரைக்கும் நடத்தினாள். எதிரே வந்த பக்கத்து வீட்டுச் சடையப்பன், "கறியா மச்சான்" என்று கேட்டார். எனக்கும் அம்மாவுக்கும் நடு ரோட்டில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திங்கட்கிழமை கலியமூர்த்தி இறங்கி நடந்தார். புதன்கிழமை வராந்தாவில் பத்து சுற்று. வியாழக்கிழமை சாயந்திரம் பார்த்தால் கட்டில் காலி! மங்கலம் அலற, வார்டே தேட, கடைசியில் வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கையில் டீ, காலடியில் மஞ்சப் பை. ஏன் வெளியே வந்தீங்க என்று அம்மா கேட்டதற்கு, "நான் எங்கம்மா வந்தேன், வாட்ச்மேன்தான் நோயாளியப் பாக்குற நேரம் முடிஞ்சிட்டு கெளம்புங்க பெரியவரேன்னு வெரட்டி விட்டாரு" என்றாராம்! மங்கலம் அங்கேயே சிரித்துவிட்டு, "ஆரோக்கியம், நாளைக்கு இன்னும் பத்து தச்சிக் கொண்டா" என்றிருக்கிறார்.

அங்கே வெயில் ஜாஸ்தி என்கிறாய், தண்ணீர் நிறையக் குடி. அம்மாவுக்கு ஒரு வார்த்தை பாராட்டி எழுது, கேட்க மாட்டாள், ஆனால் எதிர்பார்ப்பாள். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், மாதா துணை இருப்பாள்.

இப்படிக்கு,
தலைகால் புரியாத சந்தோஷத்தில்,
உன் அப்பா சாமிக்கண்ணு